மனநோயாளிக்கு மாதாந்தக் கொடுப்பனவு பெறும் வகை

காலிழந்த ஒருவர் பிரதேச செயலகத்தின் வாசலில் வந்து நின்றால், அவருக்கு உதவி அவசியந்தானா என்று எவரும் வினவுவதில்லை. கண்ட காட்சியே அத்தாட்சியாகிவிடுகிறது. ஆனால், பத்து வருஷங்களாகத் தனக்குள்ளே பேசிக்கொண்டும், குளிக்கச் சொல்ல ஆளில்லாவிட்டால் வாரக்கணக்கில் குளியாமலும், கரைவலை இழுக்கப் போன இடத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடலோரமாய் நடந்து மறைந்தும் காலங்கழிக்கின்ற ஒரு மகனைத் தாயானவள் முதல்நாளே தலைமுழுக்காட்டி, சவரம் செய்வித்து, வெளுத்த சட்டை அணிவித்து, அதே வாசலிலே கொண்டுவந்து நிறுத்தும்போது, மேசைக்கு அப்பாலிருக்கும் உத்தியோகத்தர் காண்பது கையும் காலும் திடமாயுள்ள ஓர் இளைஞனையே. “பொடியன் நல்லாத்தானே இருக்கிறான் அம்மா” என்று அவர் சொல்லிவிட, “இல்லை ஐயா, வீட்டில வந்து பாத்தாத்தான் தெரியும்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லத் தெரியாமல் அவள் திரும்பிவிடுகிறாள். வீட்டிலே தெரிவதைக் கடதாசியிலே தெரியச் செய்வது எவ்வாறு என்பதே இந்த அதிகாரத்தின் பிரதான விஷயம். மற்றவை, படிவங்கள் உட்பட, அதற்குப் பிற்பட்டவை.

முதலில் உரித்தைப் பற்றிய சந்தேகம் நீங்கவேண்டும். “இது வருத்தம், ஊனமில்லையே” என்று சொல்வோர் வெளியாரிலும் உண்டு, உத்தியோகத்தரிலும் உண்டு. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமோ, உடலாற்றலிலாயினும் மன ஆற்றலிலாயினும் நேர்ந்த குறைவினால், அது பிறவியிலே வந்ததாயினும் இடையிலே வந்ததாயினும், வாழ்க்கைக்கு இன்றியமையாதவற்றை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தானே தேடிக்கொள்ள இயலாத எவரையும் தன் வரைவிலக்கணத்துக்குள் அடக்கியிருக்கிறது. நீண்டகால மனக்குறைபாட்டையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்ற, இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியுமுள்ளது. ஆகவே, மகனுக்காக விண்ணப்பிக்கின்ற தாய் தயவு கேட்கப் போகிறவள் அல்லள் என்பதை அவளும் அறிந்திருக்கவேண்டும், அவளோடு துணைக்குப் போகிறவரும் அறிந்திருக்கவேண்டும்.

கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை இனிச் சொல்வேன். வருமானங்குறைந்த குடும்பங்களிலுள்ள இயலாமையுடையோருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு, நீண்டகாலம் 3,000 ரூபாவாக நின்று, பின்னர் 5,000 ஆகி, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 7,500 ஆகி, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழேயே இதுவும் இப்போது அடங்குகிறது. எனினும் குடும்பத்தின் வறுமைக்காகக் கொடுக்கப்படும் அஸ்வெசும உதவி வேறு, ஆளின் இயலாமைக்காகக் கொடுக்கப்படும் இக்கொடுப்பனவு வேறு. ஒன்று கிடைக்கிறது என்பதனால் மற்றதைக் கேட்காமல் விட்டவர்கள் பலர். இவற்றுக்கு அப்பால், 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் வழிவந்ததும், ஊரிலே முதியவர்கள் இன்றும் பிச்சைச் சம்பளம் என்று கூசாமற் சொல்லுகின்றதுமான பொதுசன மாதாந்த உதவியை மாகாண சமூக சேவைத் திணைக்களம் வழங்குகிறது; அது சிறுதொகையே.

பணம் கிடைப்பதற்கு ஏன் தாமதமாகிறது என்பதை அறிந்தால் மனம் அவ்வளவாக நோகாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன்னைத்தான் பராமரித்தல், பேசுதல் என்பவற்றில் ஏதேனும் ஒரு சிரமம் உண்டென்று பதிவானார்கள். அஸ்வெசும தொடங்கியபோது இயலாமைக் கொடுப்பனவுக்கென்று வகுக்கப்பட்ட எண்ணிக்கையோ 72,000. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கிலே ஓரிடம் காலியாகும்வரை தகுதியுள்ளவரும் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கவேண்டியதாகிறது. இந்த ஏற்பாட்டை நியாயமென்று சொல்ல என் நா எழவில்லை. ஆயினும், பட்டியல் தேதியின்படியும் தேவையின் கடுமையின்படியும் பார்க்கப்படுவதாகையால், இன்று கொடுத்த விண்ணப்பம் அடுத்த வருஷம் கொடுக்கப்படுவதிலும் மேலானது. முழுமையான அத்தாட்சியோடு கொடுத்ததோ அதனிலும் மேலானது.

திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஈச்சிலம்பற்றில் இருப்பவர்களுக்கு அத்தாட்சி என்ற சொல்லே ஒரு துயரக் கதை. 2004 டிசம்பரில் கடல் எழுந்துவந்து கரையோரக் கிராமங்களைச் சூறையாடிற்று. 2006 ஆகஸ்டில் மூண்ட யுத்தத்தில் ஜனங்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து காட்டுவழியாகவும் கடல்வழியாகவும் மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். மறுவருஷம் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கூரைக்குள் செருகி வைத்த பத்திரங்களும் இல்லை. ஆகையால் முதல் வேலை, நோயாளியின் பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் கைவசமுண்டா என்று பார்ப்பது. பிறப்புப் பதிவு இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவிலே பிரதி பெறலாம்; பதிவே செய்யப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறவேண்டும்; அதன்பின்பே கிராம உத்தியோகத்தர் மூலம் அடையாள அட்டைக்கு எழுதலாம். வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கும் நோயாளிகளுக்கும், காட்டோரத்திலே நெடுங்காலம் பதிவுகளுக்கு எட்டாமல் வாழ்ந்த பூர்வகுடிக் குடும்பங்களில் பிறந்தோருக்கும் இந்தப் படியிலேயே மாதங்கள் கழிந்துவிடும். மற்றைய காரியங்களை அதுவரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. வைத்தியரிடம் போவதற்கு அடையாள அட்டை வேண்டியதில்லையே.

விண்ணப்பப் படிவத்தைத் தருகிறவர் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர். படிவத்துக்குக் கட்டணமில்லை, இடையிலே நின்று நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகவேண்டாம். கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்லுகிறபடியால், விண்ணப்பத்தைத் தமிழிலே எழுதலாம். பதிலையும் தமிழிலே கேட்கலாம். கிராம உத்தியோகத்தர் குடும்ப வருமானத்தையும் வதிவிடத்தையும் உறுதிப்படுத்தவேண்டும். அரசாங்க வைத்தியர் இயலாமையை உறுதிப்படுத்தவேண்டும். ஒப்படைக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பிரதி எடுத்து, பிரதியின் மேல் பெற்றுக்கொண்ட தேதியையும் முத்திரையையும் இடும்படி பணிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். “கோப்பைக் காணோம், திரும்ப எழுதித் தாருங்கள்” என்ற வார்த்தையை ஒருமுறை கேட்டபின் அந்த வெட்கம் நீங்கிவிடுகிறது.

இனி வைத்தியச் சான்றிதழ். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இதிலேதான்.

2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர், 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, அங்கொடையிலே 1926இல் எழுப்பப்பட்ட பெருவைத்தியசாலையை நோக்கி நாடெங்குமிருந்து நோயாளரை அனுப்பும் பழைய வழக்கத்தை மாற்றி, மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவுகளையும், மனநலத்துக்கென்று பயிற்சிபெற்ற வைத்திய உத்தியோகத்தர்களையும் ஏற்படுத்த முயன்றது. அயலிலுள்ள மட்டக்களப்பிலே, யுத்தம் ஓயாத காலத்திலேயே, மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன் போன்றோர் நோயாளியை ஊருக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கும் முறையை வளர்த்திருந்தார்கள். அதன் பயனாக, இன்று திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ போகிறவர் மனநலக் கிளினிக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஈச்சிலம்பற்றுப் பிரதேச வைத்தியசாலையிலே வெளிக்கள கிளினிக் எந்தநாளில் நடக்குமென்றும் விசாரித்துவைக்கலாம். சான்றிதழை எந்த அரசாங்க வைத்தியரும் எழுதலாமாயினும், நோயாளியை வருஷக்கணக்காய்ப் பார்த்துவருகிற மனநல வைத்திய நிபுணரோ மனநல வைத்திய உத்தியோகத்தரோ எழுதுவதற்குள்ள கனம், அன்று காலையில் முதன்முதலாகப் பார்த்தவர் எழுதுவதற்கு இராது.

அந்த வைத்தியருக்கும் நேரம் குறைவு. நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில், “தூக்கம் எப்படி? மருந்து போடுகிறாரா?” என்ற இரண்டு கேள்விகளுக்குமேல் அவர் கேட்க இயலாது, நீங்களும் மரியாதையின் நிமித்தம் “பரவாயில்லை சேர்” என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தப் ‘பரவாயில்லை’ கிளினிக் கொப்பியிலே பதிவாகிவிடுகிறது. ஆறு மாதங்கழித்துச் சான்றிதழ் கேட்கும்போது, வைத்தியர் கொப்பியைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் நோயாளி சுகமாயிருப்பதாகவே காணப்படும். ஆகவே கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும், முந்திய மாதத்தில் உண்மையிலே நடந்ததை நாலைந்து வரிகளில் எழுதிக்கொண்டு போய், கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். வைத்தியர்கள் இதை வெறுப்பதில்லை. பெரும்பாலோர் நன்றியோடு ஏற்றுக்கொள்வார்கள்.

என்ன எழுதுவது? இதற்கு இந்தியாவிலே நல்லதோர் அளவுகோல் உண்டு. மனநோயினால் வரும் இயலாமையைக் கணக்கிடுவதற்கென்று இந்திய உளவியல் மருத்துவச் சங்கம் வகுத்து, 2002இல் இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த முறை, நோயின் பெயரைக்கொண்டு எதையும் தீர்மானிப்பதில்லை. தன்னைத்தான் பேணல், பிறரோடு பழகல், பேசி விளங்கிக்கொள்ளல், தொழில் செய்தல் என்னும் நான்கிலும் ஆள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை புள்ளியிட்டு, நோய் நீடித்த வருஷங்களுக்கும் புள்ளி சேர்க்கிறது. இலங்கையிலே இது சட்டபூர்வமான அளவுகோல் அல்ல. என்றாலும், குடும்பத்தவர் தாம் காண்பதை வகைப்படுத்தி எழுதுவதற்கு இதைவிட உபயோகமான சட்டகம் எனக்குத் தெரியாது.

உதாரணமாக, “மகனுக்கு மனநோய், வேலை செய்யமாட்டான்” என்று எழுதினால் வாசிப்பவர் மனத்தில் எதுவும் தோன்றாது. “மூன்று நேரமும் கூப்பிட்டுச் சோறு கொடுக்கவேண்டும், கூப்பிடாவிட்டால் பட்டினி கிடப்பான். குளிக்கக் கிணற்றடிக்குக் கையைப் பிடித்துக் கொண்டுபோகவேண்டும். மாத்திரையை என் முன்னால் விழுங்கச் செய்யாவிட்டால் துப்பிவிடுகிறான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போனபடியால் தனியே விட்டு வயலுக்குப் போக முடியவில்லை. கடைக்கு அனுப்பினால் கணக்குத் தெரியாமல் காசை விட்டுவிட்டு வருகிறான். சித்தப்பாவோடு செங்கல் அறுக்கப் போய் இரண்டாம் நாளே நின்றுவிட்டான். இரவில் யாரோ அழைப்பதாகச் சொல்லி எழுந்து போகிறான், தேடிப் பிடிக்க அயலவர் வருகிறார்கள்” என்று எழுதினால், நோயின் பெயரை அறியாத உத்தியோகத்தருக்கும் அந்த வீடு கண்முன்னே வரும். தாய் தன் உழைப்பினால் மறைத்து வைத்திருப்பதெல்லாம் இப்படித்தான் வெளிப்படவேண்டும். ஏனெனில், அவன் சாப்பிடுகிறான், குளிக்கிறான் என்று படிவத்திலே ‘ஆம்’ போடுகிறவர்கள், அவை யாருடைய முயற்சியால் நடக்கின்றன என்பதை மறந்துபோகிறார்கள். நல்ல நாளையும் கெட்ட நாளையும் இரண்டையுமே சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை நாள் அப்படி, எத்தனை நாள் இப்படி என்றும் சொல்லுங்கள். மிகைப்படுத்துவது பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு விசாரணைக்கு வருகிறவர் மிகையைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் உண்மையையும் நம்பமாட்டார்.

விசாரணைக்கு வரும் நாளிலே வீட்டை அலங்கரிப்பதும், நோயாளிக்குப் புதுச்சட்டை போடுவதும் நம்மவரின் சுபாவம். விருந்தினர் வந்தால் அப்படிச் செய்வது மரியாதைதான். ஆனால் உத்தியோகத்தர் அன்று காணவேண்டியது மற்ற நாளைப் போன்ற ஒரு நாளை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்தை நிறுத்திவிட்டால் நோய் வெளியே தெரியும், கொடுப்பனவு கிடைக்கும் என்று ஆலோசனை சொல்லுகிறவர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். மாதந்தோறும் போடுகின்ற ஊசியைத் தவறவிட்டு, நோயாளி மீண்டும் முற்றாகக் குழம்பிப்போய், பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வருஷம் பிடித்ததை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒழுங்காக மருந்தெடுத்தும் இன்னும் இவ்வளவு இயலாமை மிஞ்சியிருக்கிறது என்பதே உறுதியான அத்தாட்சி. மருந்தோடு கோவிலுக்குப் போவதையும் நூல் கட்டுவதையும் நான் குறைசொல்லப் போவதில்லை. வெருகலம்பதி முருகனிடம் நேர்த்தி வைக்காத வீடு இந்தப் பற்றிலே அரிது. நேர்த்திக்கடனைத் தீர்க்கப் போகிற நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தால் மட்டும் கிளினிக்கை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். நோயாளி திடீரெனக் கட்டுக்கடங்காமற் போனால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸையும், யாரோடாவது பேசவேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒவ்வொரு முறையும் வெளியேறும்போது தரப்படுகின்ற நோய்நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்திருந்தால், அனுமதிக்கப்பட்ட வருஷத்தையும் வார்ட்டையும் சொல்லி அந்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவிலே எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழிலே மற்றுமொரு சிக்கல் உண்டு. கொடுப்பனவு வழங்குவோர் இயலாமை நிரந்தரமானதா என்று கேட்கிறார்கள்; நல்ல வைத்தியரோ தம் நோயாளி ஒருநாள் தேறுவான் என்ற நம்பிக்கையைக் கைவிட்டு நிரந்தரம் என்று எழுத மனமற்றவராயிருக்கிறார். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடமல்ல. 2013இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்திலே, அங்கு குடியேறிய நம் உறவினர்களும் இதே கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். மனநோய் ஏறியும் இறங்கியும் வருவது. நிரந்தரமோ காலில்லாமையைப் போன்ற ஒன்றை நினைத்து எழுதப்பட்ட சொல். இரண்டுக்கும் இடையே வழி, வைத்தியரிடம் வாதாடாமல், நோய் எந்த வருஷத்தில் தொடங்கியது, என்னென்ன மருந்துகள் எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டன, அவற்றுக்குப் பின்னும் எது மிஞ்சி நிற்கிறது, இனிவரும் வருஷங்களிலும் அது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறதா என்பவற்றை எழுதித்தரும்படி கேட்பதே. நீண்டகாலமாக நிலைத்துள்ள இயலாமை என்று அவர் எழுதுவதற்கு மனச்சாட்சி தடையாக இராது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்கவேண்டும். வாய்மொழியான மறுப்புக்கு எதிராக எவரும் மேன்முறையீடு செய்ய இயலாது. பிரதேச செயலாளருக்கு முதலில் எழுதுங்கள். அதற்கும் பயனில்லையெனில் பத்தரமுல்லையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கு, முந்திய கடிதங்களின் பிரதிகளோடு எழுதுங்கள். காத்திருப்போர் பட்டியலிலே உங்கள் பெயர் எத்தனையாவது, சென்ற வருஷம் எத்தனை பேருக்குப் புதிதாக வழங்கப்பட்டது என்று அறிவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு; பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானித்தாகவேண்டும். சண்டை பிடிக்கும் எண்ணமின்றி இந்த ஒரு கடிதத்தை மட்டும் எழுதியதனால் அசையாத கோப்பு அசைந்ததுண்டு. மனநோயென்ற காரணத்துக்காகவே படிவம் தர மறுத்தார்களெனில், திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

இக்கொடுப்பனவைத் தவிர வேறு வாயில்களும் உண்டு. நோய் வருமுன் தொழிற்சாலையிலோ கடையிலோ சம்பளத்துக்கு வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதியிலே பணம் கிடக்கலாம். நிரந்தரமாக உழைக்க இயலாதவரென்று வைத்தியச் சபை சான்று பகர்ந்தால் ஓய்வு வயதுக்கு முன்னரே அதைப் பெறச் சட்டம் இடந்தருகிறது. தகப்பனோ தாயோ அரசாங்க உத்தியோகத்தராயிருந்து காலஞ்சென்றிருந்தால், உழைக்க இயலாத பிள்ளை வளர்ந்தவராயினும் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு உரித்துடையவரா என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரியுங்கள். இது மாதாந்தக் கொடுப்பனவைவிடப் பெருந்தொகையாக இருக்கக்கூடும். தேசிய செயலகமும் மாகாணத் திணைக்களமும் வீட்டைத் திருத்தவும் சுயதொழிலுக்கும் இடைக்கிடை உதவுவதுண்டு. தேறிவருகிற நோயாளிக்குக் கோழி வளர்ப்போ தோட்டமோ பிரயோசனமாகலாம்.

கடைசியாக, பணம் வந்தபின் அதை யார் கையாள்வது? கணக்கு நோயாளியின் பெயரிலேயே இருக்கவேண்டும். அவர் வங்கிக்குப் போய்க் கையொப்பமிடக் கூடியவரெனில், உடன் போகிறவர் வாசலிலே நிற்பது போதும். இயலாதவரெனில், பொறுப்பாளராக யாரை நியமிப்பது என்பதை அவர் தெளிவாயிருக்கும் நாளிலே அவரையும் கேட்டுத் தீர்மானித்து, சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவியுங்கள். காணி, வீடு முதலிய பெரிய சொத்துக்கள் இருந்தால் மட்டும் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் பரிபாலகரை நியமிக்கும் வழிக்குப் போகவேண்டும். அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பொறுப்பாளர் தாயாக இருந்தால், இரண்டாவதாக ஒருவரின் பெயரையும், அவள் திடமாயிருக்கும்போதே, கோப்பிலே சேர்த்துவையுங்கள். நோயாளி சகோதரியோடு வாகரைக்கோ திருகோணமலை நகரத்துக்கோ குடிபெயர்ந்தால், பழைய பிரதேச செயலகத்தில் அறிவித்து, கோப்பைப் புதிய பிரதேசத்துக்கு மாற்றும்படி விண்ணப்பித்து, அதற்கும் முத்திரையிட்ட பிரதி பெற்றுக்கொள்ளவேண்டும்.